சொற்பட்டியல் மின்வேலியைக் காக்காது

அண்மையில் ஒரு கருத்தரங்கில் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் குறித்த அமர்வில் அமர்ந்திருந்தேன். கட்டுரை வாசித்தவர் சூரிய ஆற்றல் துறைக்கான சொற்பட்டியல் ஒன்றைத் திரையில் காட்டினார். சார்ஜ் கன்ட்ரோலருக்கு 'மின்னேற்றக் கட்டுப்படுத்தி', ஃப்ளோட் சார்ஜுக்கு 'மிதவை மின்னேற்றம்', ஈக்வலைசேஷனுக்குச் 'சமப்படுத்தல்'. அரங்கம் கைதட்டியது. இனி இத்துறையில் தமிழால் முடியாதது ஏதுமில்லை என்று அமர்வின் தலைவர் நிறைவுரை கூறினார். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: மிதவை மின்னேற்றம் என்றால் என்ன?

கட்டுரையாளருக்குத் தெரியவில்லை. தலைவருக்கும் தெரியவில்லை. "அதை விளக்குவது பொறியாளர் வேலை, சொல்லைத் தருவதே நம் வேலை" என்று பதில் வந்தது. தேநீர் இடைவேளைக்கு நேரமாகிவிட்டதால் என் மறுப்பை அங்கே சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். அந்தப் பதில் பிழையானது. ஆந்திரத்தின் எல்லையோரத் தமிழரைப் பொறுத்தவரை அது ஆபத்தானதும்கூட.

என் களம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை: குப்பமும் பலமனேரும் அவற்றைச் சுற்றிய சிற்றூர்களும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் நிலம். திராவிட மொழிகளின் வளர்ச்சிக்கென்றே 1997-இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில்தான் இருக்கிறது. அதே வட்டாரத்தில் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயமும் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் யானைகளும் இருக்கின்றன. கேழ்வரகு முற்றும் பருவத்தில் காட்டோர விவசாயிக்கும் யானைக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் ஒரு மின்வேலி. அந்த வேலியின் உயிர் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இருக்கிறது. அந்தப் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பது, உள்ளங்கை அகலமே உள்ள சார்ஜ் கன்ட்ரோலர் என்னும் பெட்டி.

எல்லைத் தமிழின் ஒலியமைப்பைப் பதிவுசெய்யத்தான் அங்கே போனேன். ஆனால் ஒரு பெரியவரின் நிலத்தில் நடந்தது என் குறிப்பேட்டின் போக்கையே மாற்றிவிட்டது. இரண்டாண்டுகளுக்குள் அவருடைய இரண்டாவது பேட்டரியும் செத்துப்போயிருந்தது. "வெயிலு இருக்குது, பேனலு இருக்குது, பேட்டரி மட்டும் நிக்க மாட்டேங்குதும்மா" என்றார். வேலியை அமைத்துக் கொடுத்த இளைஞர் உடனிருந்தார், திறமையானவர், பொறுப்பானவர். கன்ட்ரோலரில் பேட்டரி வகை என்னவென்று வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "சீல்டு அக்கா. வாரண்டி சீல் ஒடைக்கலையே" என்றார். 'ஃப்ளட்' என்று இன்னொரு வகை இருக்கிறதே என்றேன். "அது மழைக் காலத்துக்கு" என்றார்.

சிரிக்க வேண்டாம். மொழியியல் படித்த எவரும் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. சொல்லின் வடிவம் மட்டும் கைக்கு வந்து பொருள் வராதபோது, மனித மனம் தனக்குத் தெரிந்த உலகிலிருந்து ஒரு பொருளை வருவித்துக்கொள்ளும். சீல் என்றால் முத்திரை. ஃப்ளட் என்றால் வெள்ளம். அந்த இளைஞர் செய்தது முற்றிலும் அறிவார்ந்த ஊகம். பொருளைச் சொல்லாமல் சொல்லை மட்டும் அவர் கையில் கொடுத்தவர்கள்தான் இங்கே குற்றவாளிகள்.

உண்மையில் அந்த மூன்று வகைகளும் எவற்றைக் குறிக்கின்றன? சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் கன்ட்ரோலர்களின் திரையில் பி1, பி2, பி3 என்று மூன்று தெரிவுகள் வரும். முதலாவது, மூடி திறக்க முடியாத, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிக்கு. இரண்டாவது, அமிலத்தைக் கூழாக உறையவைத்த ஜெல் பேட்டரிக்கு. மூன்றாவதான 'ஃப்ளட்', உள்ளே அமிலம் நீராகவே நிறைந்திருக்கும், அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டிய பேட்டரிக்கு. நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டருடன் நிற்கும் உயரமான டியூபுலர் பேட்டரி இந்த மூன்றாம் வகை. பெரியவரின் பேட்டரியும் அதுவே.

மூன்றுக்கும் மின்னேற்ற வரம்பு வேறு. அவ்வகைப் பெட்டிகளில் பொதுவாக முதல் வகைக்கு 14.4 வோல்ட், இரண்டாவதற்கு 14.2, மூன்றாவதற்கு 14.6 என்று அமைந்திருக்கும். இதில் என்ன பெரிய வேறுபாடு, வெறும் 0.2 வோல்ட்தானே என்று தோன்றும். அந்த 0.2 ஒவ்வொரு நாளும் சேர்கிறது. வரம்பு குறைவாக இருந்தால் நீர்வகைப் பேட்டரி நாள்தோறும் முழுமையாக நிரம்பாமலே நின்றுவிடும். நிரம்பாத பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் படிந்து இறுகும். கனமான அமிலம் அடியில் தங்கும். நாளடைவில் கொள்ளளவு குறைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஜெல் பேட்டரிக்கு 14.6 கொடுத்தால் கூழில் குமிழிகள் உண்டாகும். அவை மீண்டும் இணையா. ஒரு பிழை மெல்லக் கொல்லும். மற்றொன்று விரைந்து கொல்லும்.

அதே பெட்டியில் இன்னும் ஓர் எண் இருக்கிறது: 10.7. பேட்டரி எவ்வளவு இறங்கினால் மின்சாரத்தைத் துண்டிப்பது என்பதற்கான எண். ஆலையிலிருந்து வரும்போதே பல பெட்டிகளில் இவ்வாறுதான் இருக்கும். ஈய-அமிலப் பேட்டரி ஓய்வு நிலையில் 12.7 காட்டினால் முழுமை; 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி, 11.9-க்கு வந்தால் ஏறக்குறையக் காலி. வேலியின் எனர்ஜைசர் மிகக் குறைவான மின்னோட்டத்தையே எடுக்கும். அவ்வளவு சிறிய சுமையில் 10.7 வரை இறங்கவிடுவது, பானையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வழிப்பதற்கு ஒப்பாகும். மேகமூட்டமான ஒரு வாரத்தில் இது நாலைந்து முறை நடந்தால் பேட்டரியின் கதை முடிந்தது. பெரியவரின் வேலியில் இன்னொன்றும் நடந்திருந்தது: எனர்ஜைசரைக் கன்ட்ரோலரின் சுமை முனையில் இணைக்காமல் நேரடியாகப் பேட்டரியிலேயே இணைத்திருந்தார்கள். ஆகவே துண்டிக்கும் அந்த 10.7-கூட அங்கே வேலை செய்யவில்லை.

அந்த எண்ணை 11.5-க்கோ அதற்கு மேலோ உயர்த்தினால் பேட்டரி நீடிக்கும். ஆனால் அடைமழை நாளில் நள்ளிரவிலேயே வேலி அணைந்துவிடக்கூடும். இன்றிரவு வேலியா, அடுத்த ஆண்டு பேட்டரியா? இது பொறியாளர் தீர்க்கும் கணக்கு மட்டுமன்று. யானை எப்போது வரும், பயிர் எந்த நிலையில் இருக்கிறது, கையில் பணம் எவ்வளவு என்றறிந்த விவசாயி எடுக்க வேண்டிய முடிவு. முடிவெடுக்க ஒருவருக்குத் தேவைப்படுவது காரண காரியத்தைச் சொல்லும் வாக்கியங்கள். சொற்பட்டியலில் வாக்கியங்கள் இல்லை.

இதில் பணயமாக இருப்பது பேட்டரியின் விலை மட்டுமன்று. முறையான மின்வேலி ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, நொடியின் மிகச் சிறிய பகுதியளவே நீடிக்கும் துடிப்பை அனுப்புகிறது. அழுத்தம் பல ஆயிரம் வோல்ட். ஆற்றலோ மிகக் குறைவு. தொட்ட யானை துள்ளி விலகும். மனிதன் கையை உதறிக்கொள்வான். இரு துடிப்புகளுக்கு இடையிலுள்ள அமைதிதான் உயிர் காப்பது. பேட்டரி செத்து, வேலி வெறுங்கம்பியாக நின்று, ஒரே இரவில் விளைச்சல் போன பிறகு சிலர் என்ன செய்கிறார்கள் என்பது அப்பகுதியில் அனைவருக்கும் தெரியும். மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேராகக் கம்பி இழுத்துவிடுகிறார்கள். அதில் இடைவெளி கிடையாது. தொட்டவர் விடுபட முடியாது. இத்தகைய கம்பிகளில் யானைகளும் மனிதரும் மாண்ட செய்திகள் சித்தூர் மாவட்டத்துக்குப் புதியனவல்ல. யானை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. சட்டம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. சட்டத்துக்குட்பட்ட வேலியைச் செயல்படும் நிலையில் வைத்துக்கொள்வது எப்படி என்று அந்த விவசாயிக்குப் புரியும் மொழியில் எழுதிய ஒரு பக்கம் என் களத்தில் எங்கும் என் கண்ணில் படவில்லை.

இந்த வட்டாரத்துக்குப் பேட்டரி புதிய பொருளா? இல்லை. திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர் மாவட்டத்து நுனேகுண்டலபள்ளியிலும் அமர ராஜா நிறுவனத்தின் பெரும் பேட்டரி ஆலைகள் இருக்கின்றன. திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015 முதல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் இருக்கின்றன. பேட்டரி செய்யும் அறிவும், பேட்டரி பற்றிய வேதியியலும், திராவிட மொழிகளுக்கென ஒரு பல்கலைக்கழகமும் ஒன்றுக்கொன்று சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கின்றன. இவை மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருக்க வேண்டியது அந்த ஒரு பக்கம். அதுதான் இல்லை.

எனக்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவேன்.

முதல் மறுப்பு: ஆங்கிலக் கையேடு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதே. இருக்கிறது, நான் படித்துப் பார்த்திருக்கிறேன். நான்காக மடித்த ஒரே தாள், எறும்பளவு எழுத்து. அதன் ஆங்கிலமே வேறொரு மொழியிலிருந்து அரைகுறையாகப் பெயர்க்கப்பட்டது. எண்களைச் சொல்கிறது, ஏன் என்பதைச் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்பவர்கள் அந்தத் தாளை ஒருமுறை வாசித்துவிட்டு, நீர்வகைப் பேட்டரிக்கு எந்தத் தெரிவு, ஏன் என்று எனக்கு எழுதட்டும்.

இரண்டாவது: இதெல்லாம் எலக்ட்ரீஷியனின் வேலை, விவசாயிக்கு எதற்கு? எலக்ட்ரீஷியன் வருவது ஒரு நாள். பேட்டரியோடு வாழ்வது மீதி நாள்கள் அனைத்தும். தண்ணீர் மட்டம் பார்ப்பவரும், முனையில் பூத்த வெண்பொடியைத் துடைப்பவரும், 'இன்று மேகம்' என்று அறிபவரும் விவசாயிதான். மேலும், அந்த எலக்ட்ரீஷியனுக்கு யார் சொன்னார்கள்? அவரும் இன்னொருவரைப் பார்த்துக் கற்றவர். பிழையும் அப்படியே கைமாறி வருகிறது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியது. எல்லைத் தமிழரில் பலர் தெலுங்கு வழியில் பயின்றவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தமிழில் எழுதி என்ன பயன்? ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சொற்பட்டியல் அவர்களை எட்டவே எட்டாது என்கிறேன். அவர்களுக்கு வேண்டியது மூன்று: தமிழ் எழுத்தில் ஒரு பக்கம், தெலுங்கு எழுத்தில் ஒரு பக்கம், குப்பத்துப் பேச்சுத் தமிழில் ஐந்து நிமிட ஒலிப்பதிவு. கைப்பேசியில் அனுப்பினால் ஊர் முழுவதும் கேட்கும். இதைச் செய்யத் தேவையான பயிற்சி யாருக்கு இருக்கிறது? வட்டார வழக்கு தெரிந்த, இருமொழியர் பேச்சை ஆராய்ந்த, எந்தச் சொல் எந்த ஊரில் புரியும் என்று வரைபடம் போடத் தெரிந்த நமக்குத்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்ததையும், எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட தமிழரையும் பற்றி மேடைதோறும் உருகுகிறோம். அவர்களுடைய பேட்டரி பற்றி ஒரு சொல் பேசியதுண்டா?

நம் வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், பின்னர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் கலைச்சொற்களைத் தொகுத்தார். ஆனால் அவருக்கு முன்னே மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நோயாளிகள் படுத்திருந்தார்கள். சொல் தவறினால் அங்கேயே தெரிந்துவிடும். கற்பித்தலின் தேவையிலிருந்து நூல் பிறந்தது. நூலின் தேவையிலிருந்து சொல் வந்தது. நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் சொல், பிறகு கைதட்டல், நூல் வரவேண்டியதில்லை, மாணவர் என்று ஒருவர் இருக்கவேண்டியதே இல்லை.

'மிதவை மின்னேற்றம்' இதன் கனி. ஆங்கிலச் சொல்லின் மேற்தோலை மட்டும் உரித்து ஒட்டியது. அதன் பொருள் இதுதான்: நிரம்பிய பேட்டரியை அப்படியே விட்டால் தானாகக் கசிந்து குறையும்; தொடர்ந்து அழுத்தினால் கொதித்து நீர் வற்றும்; ஆகவே நிரம்பியபின் அழுத்தத்தை ஏறத்தாழ 13.7 வோல்ட்டுக்கு இறக்கி, கசிவதை மட்டும் ஈடுசெய்துகொண்டிருப்பது. இதை நான் அந்த இளைஞரிடம் சொன்னபோது அவர் உடனே, "ஃபுல் ஆனப்புறம் புடிச்சு வெக்கிறது" என்றார். பொருள் விளங்கிய ஒருவரின் வாயிலிருந்து ஒரு நொடியில் வந்த அந்தத் தொடர், பட்டியலில் உள்ளதைவிடத் துல்லியமானது. பொருளைக் கொடுங்கள், சொல்லை மக்கள் பார்த்துக்கொள்வார்கள். அது 'சார்ஜ் கன்ட்ரோலர்' என்றே இருந்தாலும் தமிழ் அழிந்துவிடாது.

குறை சொல்லிவிட்டு நகர்வது முறையன்று. அந்த ஒரு பக்கம் எப்படி இருக்கலாம் என்பதற்கு என் வரைவைத் தருகிறேன். மின்னணுவியல் படித்த நண்பர் ஒருவர் சரிபார்த்தார். பெரியவருக்கும் இளைஞருக்கும் வாசித்துக் காட்டி, புரியாத இடங்களைத் திருத்தினேன்.

1. முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் இணைக்கவும். அதன் பிறகே பேனலை. கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்தே அறிந்துகொள்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனல் வந்தால் குழம்பும். சில கெட்டும் போகும்.

2. பேட்டரியின் கூட்டல் முனைக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் இருக்கவேண்டும். கம்பி உரசித் தீப்பிடிப்பதைத் தடுப்பது அதுவே.

3. பேட்டரியின் மேல் தண்ணீர் ஊற்றும் மூடிகள் உள்ளனவா? இருந்தால் 'ஃப்ளட்'. இல்லாவிட்டால் பேட்டரியின் மீது எழுதியிருப்பதைப் பார்த்துச் 'சீல்டு' அல்லது 'ஜெல்'. வாரண்டி முத்திரைக்கும் மழைக்கும் இதில் தொடர்பில்லை. லித்தியம் பேட்டரி என்றால் அதற்கெனத் தெரிவு உள்ள கன்ட்ரோலர்தான் வேண்டும்.

4. வேலி எந்திரத்தைப் பேட்டரியில் நேரடியாக இணைக்காமல், கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட முனையில் இணைக்கவும். அந்த முனை தாங்கும் ஆம்பியர் எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.

5. துண்டிக்கும் எண் 10.7 என்றிருந்தால் 11.5-க்குக் குறையாமல் உயர்த்தவும். யானை வரும் பருவத்தில், மேகம் மூடிய நாளில், இறக்கித்தான் ஆகவேண்டுமென்றால் இறக்கலாம்; பேட்டரியின் ஆயுளைச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து இறக்கவும். பருவம் முடிந்ததும் மீண்டும் உயர்த்தவும்.

6. வெப்பம் கூடினால் மின்னேற்ற வரம்பு குறையவேண்டும், குளிர்ந்தால் கூடவேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரிக்கு ஏறத்தாழ 0.018 வோல்ட் குறைக்கவேண்டும். மே மாதத்தில் தகரப் பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் 14.4 என்பது 14.04 ஆகவேண்டும். கன்ட்ரோலரில் வெப்ப உணரி இருந்தால் தானே பார்த்துக்கொள்ளும். இல்லையேல் நாம்தான் மாற்றவேண்டும். வெப்பமான திருப்பதியில் சரியாக இருந்த எண், குளிர்ந்த பலமனேர் மேட்டில் சரியாக இருக்காது. பேட்டரியை நிழலில் வைப்பது இவையெல்லாவற்றையும்விட மலிவான மருந்து.

7. மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்க்கவும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீரும் அமிலமும் கூடவே கூடாது. மின்னேறும்போது பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். அருகில் பீடியும் விளக்கும் வேண்டாம்.

ஏழு குறிப்புகள். இவற்றில் 'மின்னேற்றக் கட்டுப்படுத்தி' ஒருமுறைகூட வரவில்லை. பெரியவரின் மூன்றாவது பேட்டரி இப்போது பி3-இல், 11.6 துண்டிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. தாங்குமா என்பதை ஓரிரு ஆண்டுகள் கழித்துத்தான் சொல்ல முடியும். இப்போதே வெற்றி என்று எழுதமாட்டேன்.

துறைத் தலைவர்களிடமும் நெறியாளர்களிடமும் என் கோரிக்கை எளியது. முதுகலை மொழியியல் மாணவருக்கு ஒரு பருவத்தில் ஓர் ஒப்படைப்பாக இத்தகைய ஒரு பக்கத்தைக் கொடுங்கள்: ஒரு கருவி, ஒரு வட்டாரம், இரண்டு எழுத்துமுறை, ஓர் ஒலிப்பதிவு. பயன்படுத்துபவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுச் சரியாகச் செய்துகாட்டினால் தேர்ச்சி. இதை ஆய்வுப் பணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் படிக்காத இதழில் யாரும் பேசாத சொற்களைப் பட்டியலிடும் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டென்றால், இதற்கும் உண்டு.

மேலே உள்ள வரைவில் பிழை கண்டால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். தெலுங்கு வடிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தெலுங்கு அறிந்த நண்பர்கள் உதவினால் நன்றி. அன்றைய அமர்வின் தலைவர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு செய்தி: ஐயா, மிதவை மின்னேற்றம் என்றால் என்ன என்று இப்போது நம் இருவருக்கும் தெரியும். அடுத்த கருத்தரங்கைக் குப்பத்தில், வேலி ஓரத்தில் வைத்துக்கொள்வோம்.